எல்லைக் கட்டையில் அஞ்சு மணி

இது நடந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல உக்காந்து பொழுதுபோகக் கட்டின கதை இல்ல. பேய், முனின்னு எவனாவது ஆரம்பிச்சா எழும்பிப் போற ஆள் நான். ஆனா இதை என்கிட்டச் சொன்னவன் ஆண்டியப்பன். அவன் பொய் சொல்லத் தெரிஞ்சவன்தான். என்ன பொய்னும் சொல்றேன். இந்த விஷயத்துல அவனுக்கு ரெண்டு மனுஷர் சாட்சி இருக்கு. ஒரு கடுதாசிச் சுருளும் ஒரு பித்தளை வில்லையும் இருக்கு. நம்புறவங்க நம்புங்க. மத்தவங்க வேற வேலையப் பாருங்க.

நடந்தது ராத்திரியில இல்ல. பட்டப்பகல்.

ஆண்டியப்பனுக்கு அறுபத்தேழு வயசு. ஹட்டனுக்கு மேல ரயில் பாதையில முப்பத்தோரு வருஷம் லைன் வேலை பாத்தவன். தண்டவாளத்துக்கு அடியில சல்லிக்கல் போடுறது, சிலீப்பர் கட்டை மாத்துறது, மழைக்காலத்துல ரோந்து நடக்குறது. ஓய்வு வாங்கி ஏழு வருஷம். எவனையும் நம்ப மாட்டான். டாக்டரை நம்ப மாட்டான். வெளிச்சத்துல தூக்கிப் பாக்காம ஒரு மாத்திரை முழுங்க மாட்டான்.

போன ஐப்பசி மழைக்குப் பொறகு அவன் வாசலுக்கு பிரதாப்னு ஒருத்தர் வந்தார். நாப்பது வயசு. பாதை அளக்குற வண்டியில மெஷின் பாக்குறவர்.

"ஐயா, நாளைக்கு லைன் அளக்குற வண்டி வருது. மைல் கட்டை பாதி மண்ணுக்குள்ள போயிருச்சு. பனி வேற. எந்த இடம் எதுன்னு சொல்ல உங்களை விட்டா ஆள் இல்லன்னாங்க."

"கட்டையை நிமித்தி நட வக்கில்ல. அளக்க மட்டும் வந்துட்டீங்களா? எந்தப் பக்கம்?"

"கறுப்புக்கல் வெட்டுப் பக்கம்."

ஆண்டியப்பன் வெத்தலை மெல்லுறதை நிறுத்தினான்.

ஏன்னா...

பதினோரு வருஷத்துக்கு முன்னால, அந்தப் பாதையில மழைக்கால ரோந்துக்கு ரெண்டு பேர். இந்தப் பக்கம் ஆண்டியப்பன். அந்தப் பக்கம் சின்னராசா. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கத்துல இருந்து தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டே நடந்து வரணும். மலையை ரெண்டாப் பொளந்து பாதை போட்ட இடம்தான் கறுப்புக்கல் வெட்டு. அதுக்கு நடுவுல எல்லைக் கட்டை. அங்க சாயந்தரம் அஞ்சு மணிக்குச் சந்திக்கணும். ஆண்டியப்பன்கிட்ட பதிமூணு போட்ட பித்தளை வில்லை. சின்னராசாகிட்ட பதினாலு. ரெண்டையும் மாத்திக்கிட்டுத் திரும்பணும். காலையில அடுத்தவன் வில்லையைக் காட்டினாத்தான் நீ எல்லை வரைக்கும் நடந்தேன்னு அர்த்தம்.

வெட்டுக்குள்ள வளைவு. ஆள் தெரியாது. அதனால முதல்ல வந்தவன் விசில் அடிப்பான். ரெண்டு சின்னது. வர்றவன் பதில் அடிப்பான். ஒரு நீட்டு. கால் மணி நேரம் பாக்கலாம். ஆள் வரலன்னா திரும்பிப் போய்ச் சொல்லிரணும். அதுதான் சட்டம்.

சட்டம் சட்டமா இருக்கட்டும். மழையில எவன் நடக்குறது? மத்தியானம் ரெண்டு மணிக்கே தேத்தண்ணிக் கடையில ரெண்டு பேரும் வில்லையை மாத்திக்குவானுங்க. அவனவன் வீட்டுக்குப் போயிருவான். நாலஞ்சு மழைக்காலம் இப்படித்தான் ஓடுச்சு.

ஒருநாள் சின்னராசா வில்லையை நீட்டல.

"அண்ணே, இன்னைக்குக் கடையில மாத்த வேணாம். மண்ணு ஊறி நிக்குது. நெசமாவே போய்ப் பாத்துருவோம்."

"பெரிய இன்ஜினியர் மகன். சரி, போ. வாறேன்."

"வருவீங்கள்ல?"

"வாறேன்னா வருவேன்டா. நீ நில்லு."

ஆண்டியப்பன் போகல. கம்பளியைப் போத்திக்கிட்டு வீட்டுல கிடந்தான்.

அன்னைக்குச் சாயந்தரம் கறுப்புக்கல் வெட்டுல மண் சரிஞ்சது. சின்னராசா வீட்டுக்கு வரல.

விசாரணையில ஆண்டியப்பனைக் கூப்பிட்டாங்க. வேலை போயிரும்னு பயம். "அஞ்சு மணிக்குப் போனேன். கால் மணி நேரம் நின்னேன். அவன் வரல" என்றான். மேசையில தன் பதிமூணாம் நம்பரை எடுத்து வெச்சான். வில்லை மாறல பாருங்க. அப்ப சின்னராசா அங்க வரலன்னு ஆச்சு. வராத ஆளை அந்த மண்ணுல எதுக்குத் தேடணும்? யாரும் தேடல. சரிஞ்ச மண்ணை நெரவி, அது மேலயே சல்லி போட்டு, தண்டவாளத்தைத் திரும்ப வெச்சாங்க. மூணாம் நாள் ரயில் ஓடுச்சு.

சின்னராசா எவளையோ கூட்டிக்கிட்டு கொழும்புக்கு ஓடிட்டான்னு பேச்சு வந்துச்சு. புறக்கோட்டையில மூட்டை தூக்குறதைப் பாத்தேன்னு ஒருத்தன் சொன்னான். அவன் பொஞ்சாதி மீனம்மா இன்னும் பொட்டு வெக்குறா. ஆண்டியப்பன் இருக்குற அதே லயம், நாலு வீடு தள்ளி. ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரம் கொண்டுவந்து குடுத்துட்டு ஒரே கேள்விதான் கேப்பா.

"அண்ணே, அன்னைக்குக் கடையில ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

அந்த இடம் சும்மா இருக்கல. எவ்வளவு சல்லி போட்டாலும் இறங்கும். ஆண்டியப்பன் வேலையில இருந்த மிச்ச நாலு வருஷமும் தானே முன்னால நின்னு, தூக்கி, அடைச்சு, மேலாகச் சரிபண்ணிக்கிட்டே இருந்தான். யாரும் தோண்டிரக் கூடாது. தோண்டினா என்ன வரும்னு அவனுக்கு நிச்சயமாத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் பயம்.

இப்ப மெஷின் வருது. அவன் போகலன்னா வேற ஆள் போவான். வேற ஆள் இடத்தைச் சரியாச் சொல்லிருவான். அதனால ஆண்டியப்பன் போனான்.

வண்டி ஒரு பஸ்ஸைத் தூக்கித் தண்டவாளத்துல வெச்ச மாதிரி. மஞ்சள் கலர். ஓட்டுறது நஸீர் நானா. முஸ்லிம் அண்ணனை எங்க பக்கம் நானான்னுதான் கூப்பிடுவோம். அடி வயித்துல சின்னச் சின்னச் சக்கரம், தண்டவாளத்தைத் தடவிக்கிட்டே வரும். உள்ளே ஒரு நீளத் தாள் சுருள். அதுமேல அஞ்சு பேனா. ஒண்ணு தண்டவாளத்துக்கு நடுவுல உள்ள அகலத்தைக் கோடு போடும். ஒண்ணு எந்தப் பக்கம் தாழ்ந்திருக்குன்னு போடும். கடைசியில இருக்குறது குறிப் பேனா. இடத்தைச் சொன்னா பிரதாப் ஒரு பட்டனை அமத்துவார். ஒரு சின்னக் கோடு விழும். வண்டிச் சக்கரம் சுத்தினாத்தான் தாள் ஓடும். வண்டி நின்னா தாளும் நின்னுரும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

"லைனுக்கு ஈ.சி.ஜி. எடுக்குறோம் பெருசு" என்றார் நஸீர். "வாங்க, உங்களுக்கும் ஒண்ணு எடுத்துருவோம்."

"எடுத்தவன் எவன் பொழைச்சான்? நீங்க ரோட்டைப் பாருங்க நானா."

"இதுல எங்க ரோடு? ஸ்டியரிங்கே இல்லையே!"

பிற்பகல் 2.35க்குக் கிளம்பினாங்க. ரெண்டு ரயிலுக்கு நடுவுல கிடைச்ச நேரம். பனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்னுச்சு. தேயிலைச் செடி தெரியல. ஆண்டியப்பன் கண்ணை மூடிக்கிட்டு, வண்டி சாயுறதை வெச்சே சொல்லிக்கிட்டு வந்தான்.

"சின்னப் பாலம்."

டக்.

"கோயில் வளைவு."

டக்.

3.12. கறுப்புக்கல் வெட்டு. ரெண்டு பக்கமும் பாறை கிட்ட வந்துச்சு. சத்தம் மாறினது. எல்லைக் கட்டை வந்தது. இடது பக்கம் வண்டி லேசா இறங்கி எழும்புச்சு.

ஆண்டியப்பன் வாயைத் திறக்கல.

நஸீர் திடீர்னு வேகத்தைக் குறைச்சார். "விசில் கேட்டுச்சே. லைன்ல ஆள் நிக்குதா?"

"இன்னைக்கு வேலைக்கு யாரும் இல்லையே" என்றார் பிரதாப்.

"ரெண்டு தடவை அடிச்சாங்க. சின்னதா."

ஆண்டியப்பன் வெளியே பாக்கல. வெட்டைத் தாண்டி முந்நூறு கஜம் போன பொறகுதான் வாயைத் திறந்தான். "கறுப்புக்கல் வெட்டு" என்றான். பிரதாப் அமத்தினார். டக். தப்பான இடத்துல குறி விழுந்தாச்சு. பள்ளம் ஒரு இடம், குறி ஒரு இடம். தேடி வர்றவன் நல்ல லைனைப் பாத்துட்டுத் திரும்பிப் போவான். அந்தப் பள்ளத்து மேல தினமும் எத்தனை சனம் ரயில்ல போகுது? அதை அவன் நினைக்கல. நினைச்சேன்னு என்கிட்டச் சொல்லவும் இல்ல.

அடுத்த ஸ்டேஷன்ல பிரதாப் தாளை விரிச்சார்.

"நானா, இங்க பாருங்க. இந்தப் பாதையிலேயே மோசமான இறக்கம் இதுதான். இப்படியே விட்டா ஒரு நாளைக்கு எஞ்சின் கவுந்துரும்." அப்புறம் அவர் குரல் இறங்குச்சு. "ஐயா... இந்தக் குறியை நான் அமத்தலையே."

ஆண்டியப்பனுக்கு எழுத்து வராது. கையெழுத்துக்குப் பதிலா பெருவிரல்தான். ஆனா அதை அவன் வாசிச்சான்.

பள்ளத்துக்கு நேர்மேல ரெண்டு சின்னக் கோடு. இடைவெளி. ரெண்டு சின்னக் கோடு. இடைவெளி. ரெண்டு சின்னக் கோடு.

"மெஷின் கோளாறு" என்றான்.

"இருக்கலாம். திரும்பும்போது நிறுத்தி, இறங்கிப் பாத்துருவோம்."

கீழே வர்ற ரயில் பிந்திருச்சு. 4.30க்குத்தான் வழி கிடைச்சது. வெட்டுக்குள்ள வண்டி நிக்கும்போது 4.57. ரெண்டு மணி நேரத்துக்குள்ள பனி இன்னும் தடிச்சிருந்துச்சு. நஸீர் எஞ்சினை அணைச்சார். பேனா நின்னுச்சு. தாள் நின்னுச்சு.

"ஐயா, எல்லைக் கட்டை எங்கன்னு மட்டும் காட்டிக் குடுங்க. நான் அளவுகோலை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வாறேன்" என்றார் பிரதாப்.

ஆண்டியப்பன் இறங்கினான். எத்தனையோ ஆயிரம் தடவை நடந்த இடம். சிலீப்பர் கட்டைக்குக் கட்டை கால் வெச்சான். பத்து கட்டை. இருபது கட்டை. திரும்பிப் பாத்தான். மஞ்சள் வண்டி இல்ல. பனிதான் இருந்துச்சு.

முப்பது கட்டை.

மண்ணெண்ணெய் நாத்தம் வந்துச்சு. இப்ப எவன் மண்ணெண்ணெய் லாம்பு தூக்குறான்? எல்லாம் டார்ச்தானே.

மழை பெய்யல. ஆனா எங்கயோ கிட்டத்துல தண்ணி சொட்டுற சத்தம். ஒரு ஆளோட கோட்டு நுனியில இருந்து சொட்டுற மாதிரி... சொட்... சொட்...

நாப்பது கட்டை. எல்லைக் கட்டை. கையால தொட்டான்.

விசில்.

ரெண்டு சின்னது.

அவன் கைக்கடிகாரத்தைப் பாத்தான். சரியா அஞ்சு.

ஓடிரலாம்னு நினைச்சான்.

திரும்பவும் ரெண்டு சின்னது. அது மிரட்டுற விசில் இல்லையாம். ரொம்ப நேரம் ஊதி ஊதிக் களைச்ச விசிலாம். அதைச் சொல்லும்போதுதான் ஆண்டியப்பன் என் முன்னால அழுதான்.

அவன் ரெண்டு விரலை வாயில வெச்சான். பதினோரு வருஷமா அடிக்காத பதிலை அடிச்சான்.

ஒரு நீட்டு.

தண்ணி சொட்டுறது நின்னுச்சு.

பனிக்குள்ள முழங்கால் உயரத்துல ஒரு மஞ்சள் வெளிச்சம். ஆடி ஆடி வந்துச்சு. கிட்ட...

இன்னும் கிட்ட...

முகம் தெரியல.

"வந்துட்டீங்களாண்ணே..."

அவ்வளவுதான்.

உள்ளங்கையில ஐஸ் மாதிரி ஒண்ணு பட்டுச்சு.

அப்புறம் வெளிச்சம் இல்ல.

வண்டிக்கு அவன் எப்படி வந்தான்னு அவனுக்கே தெரியல. நஸீர் வாசல்ல நின்னு இழுத்து ஏத்தினார். 5.09. அவர் உதடு எதையோ ஓதிக்கிட்டே இருந்துச்சு.

"பெருசு, உங்க கூட லாம்பு பிடிச்சுக்கிட்டு வந்தது யாரு?"

"கூட வந்துச்சா?"

"வண்டி வரைக்கும் வந்துச்சே! நீங்க ஏறினதும் திரும்பிப் போயிருச்சு."

பிரதாப் இறங்கவே இல்ல. அளவுகோல் கையில அப்படியே இருந்துச்சு. தாளையே பாத்துக்கிட்டிருந்தார். எஞ்சின் அணைஞ்சிருக்கு. சக்கரம் சுத்தல. ஆனா தாள் ஒரு முழம் ஓடியிருந்துச்சு. மத்த நாலு பேனாவும் ஒண்ணும் போடல. குறிப் பேனா மட்டும் போட்டிருந்துச்சு.

ரெண்டு சின்னது. ரெண்டு சின்னது.

அப்புறம் ஒரு நீட்டு.

அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. வெள்ளைத் தாள்.

"தோண்டுங்க" என்றான் ஆண்டியப்பன்.

"என்னது ஐயா?"

"அந்த எடத்தைத் தோண்டுங்க. நான் சொன்ன குறி பொய். இதுதான் எடம். அடியில ஆள் இருக்கு."

நாலாம் நாள் காலை ரயில் போன பொறகு தோண்டினாங்க. தண்டவாளத்தைக் கழட்டி, சல்லியை வாரி, சரிஞ்சு விழுந்த பழைய மண்ணுக்கு இறங்கினாங்க. 10.40க்கு ஒரு லாம்புக் கண்ணாடி. அப்புறம் ஒரு விசில், துரு ஏறி. அப்புறம் சின்னராசா. அவன் மேலதான் பதினோரு வருஷமா ரயில் ஓடியிருக்கு. எல்லைக் கட்டைக்கு மூணடி தள்ளிக் கிடந்தான். ஒதுங்கக்கூட இல்ல பாவி. எங்க நிக்கச் சொன்னாங்களோ அங்கயே நின்னிருக்கான்.

எலும்பு விரலுக்கு நடுவுல ஒரு வில்லை. பொலிஸ்காரர் மண்ணைத் துடைச்சார்.

பதிமூணு.

பக்கத்துல நின்ன பழைய ஆளுங்களுக்குத் தெரியும் அது யாருதுன்னு. எல்லாரும் ஆண்டியப்பனைப் பாத்தாங்க.

பதிமூணாம் நம்பர் அவன்கிட்டதான் இருந்துச்சு. ஓய்வு வாங்கும்போது தொலைஞ்சிருச்சுன்னு சொல்லி வெச்சுக்கிட்டான். வீட்டுல வெச்சா தூக்கம் வரல. எறிய கை வரல. வெத்தலைப் பையில போட்டு மடியிலேயே கட்டிக்கிட்டுத் திரிஞ்சான். அளக்குற வண்டியில ஏறும்போதும் மடியில இருந்துச்சு.

பையை அவிழ்த்தான். கையை விட்டான். ஈரம்.

வெளியே எடுத்தான்.

பதினாலு.

பொலிஸ்காரர் பழைய விசாரணை ஃபைலை எடுத்துப் பாத்தார். சரிவுக்கு மறுநாள் பதிமூணாம் நம்பரை ஆண்டியப்பன் மேசையில வெச்சான்னு எழுதி, நாலு பேர் கையெழுத்து. அப்ப அது அஞ்சடி மண்ணுக்குக் கீழே எப்படிப் போச்சு? அந்த மண்ணை அதுக்கப்புறம் யாரும் தோண்டினதில்ல. அவர் ஃபைலை மூடிட்டார். அதைப் பத்தி ஒரு வரி எழுதல.

அன்னைக்குச் சாயந்தரம் ஆண்டியப்பன் நாலு வீடு தள்ளி நடந்தான். மீனம்மா கொழுந்து எடுத்துட்டு வந்து, கூடையைக்கூட இறக்காம வாசல்ல நின்னா. செய்தி முன்னாலயே வந்திருச்சு.

அவன் எல்லாத்தையும் சொன்னான். கடை, மழை, கம்பளி, விசாரணை. ஒண்ணையும் மறைக்கல. பதினாலாம் நம்பரை அவ கையில வெச்சான்.

"ஓடிப் போகல மீனம்மா. அவன் வந்தான். நான்தான் போகல."

அவ அடிப்பான்னு நினைச்சான். மண்ணை வாரித் தூத்துவான்னு நினைச்சான். அவ வில்லையை முந்தானையால துடைச்சா. திருப்பித் திருப்பித் துடைச்சா.

"எம்புட்டு நேரம் நின்னிருப்பாரு?"

அது ஆண்டியப்பனுக்குத் தெரியும். பதினோரு வருஷமாத் தெரியும். மண் சரிஞ்சப்ப பாதையோரமாப் போன டெலிபோன் கம்பி அறுந்துச்சு. அறுந்த நேரத்தை ஸ்டேஷன் புத்தகத்துல எழுதியிருந்தாங்க. விசாரணையில வாசிச்சாங்க. அன்னைக்கு அவன் காதுல விழுந்தது இன்னும் இறங்கல.

"ஆறு அம்பது வரைக்கும்."

"அஞ்சு மணிக்கு வந்து?"

"ம்."

"கால் மணி நேரந்தானே நிக்கணும்? அவரே சொல்லியிருக்காரு. கால் மணி நேரம் பாத்துட்டு வந்துருவேன்னு."

"ஆமா."

"அப்ப ஏன்ணே வரல?"

"வாறேன்னு சொல்லியிருந்தேன்ம்மா."